கட்டைக்கு வலிக்காது

ஜஹீருன்னிசாவுக்கு முதலில் விரல் மடங்காமல் போனது காலை வேளையில்தான். எழுந்ததும் இரண்டு கையும் ஈரம் காய்ந்த தோல் மாதிரி விறைத்துக் கிடக்கும். டீ கிளாஸைப் பிடிக்க முடியாது. தாழ்ப்பாளைத் தள்ள முடியாது. வெந்நீரில் முக்கி, அடுப்புச் சூட்டில் காட்டி, வெயில் சுவரில் பாதி இறங்கின பிறகுதான் ஒவ்வொரு விரலாக அசைந்து கொடுக்கும். கையால் தைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிடக் கேடு என்ன வேண்டும்.

அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல். அவர்கள் தங்களுக்குள் பேசுவது உருது. எனக்காகத் தமிழுக்குத் திருப்புவார்கள், அதற்குள் எனக்கே புரிந்திருக்கும். அவள் புருஷன் மக்பூல் அகமதுவும் நானும் தோல் பதனிடுகிற ஒரே டேனரியில் வேலை பார்த்தவர்கள். நான் சுண்ணாம்புத் தொட்டியில், அவன் பட்டைத் தொட்டியில். சுண்ணாம்பு என் கால் தோலைத் தின்று முடித்ததும் நான் நின்றுகொண்டேன். அவன் இன்னும் போகிறான். சாயங்காலம் அவன் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை முன்னால் வந்துவிடும். வெளியூர்க்காரனுக்கு அது நாற்றம். எங்களுக்குச் சோறு.

ஜஹீருன்னிசா ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்தவள். புது மாடல் வந்தால் முதல் ஜோடி அவர்கள் கையில்தான் உருவாகும். பிறகு உமைமா பிறந்து, மாமியார் படுக்கையில் விழுந்து, வீட்டோடு இருக்க வேண்டி வந்தது. வேலையும் வீட்டுக்கு வந்துவிட்டது. கம்பெனி வேன் காலையில் அப்பர்களை மூட்டையாக இறக்கிவிட்டுப் போகும். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். மூக்குப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக வருகிற தையல் மெஷினில் சரியாக விழாது, கையால்தான் போட வேண்டும். நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் நூலைச் சுண்டுவிரலில் சுற்றி இறுக்க வேண்டும். அந்த இறுக்கம் இல்லையென்றால் ஷூ வாயைப் பிளந்துவிடும்.

கம்பெனியை விட்டு வரும்போது அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு கட்டை. கால் மாதிரியே செதுக்கின மரம். ஆபீசில் லாஸ்ட் என்பார்கள், தைக்கிறவர்களுக்குக் கட்டை. அதன்மேல் அப்பரை இழுத்து மாட்டித்தான் ஷூவுக்கு வடிவம் எடுப்பது. ஜோடி தொலைந்த வலது கால் என்று தூக்கிப் போட இருந்தார்கள், கேட்டு வாங்கி வந்தாள். வாசல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுப்பாள். புதிதாக வருகிறவர்கள் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்துவார்கள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது நானும் போனேன். மக்பூலுக்கு லிஃப்ட் என்றால் பயம், பக்கத்தில் ஆள் வேண்டும். எனக்கு டாக்டர் மேல் நம்பிக்கை கிடையாது. பேப்பர் மேலும் கிடையாது. டேனரியில் விஷவாயு அடித்த வருஷம் என்னைச் செத்தவன் என்று போட்டார்கள். போய்ச் சொன்னேன். நீதான் கனகராஜ் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள்.

அங்கே ஒரு லேடி டாக்டர் விரல் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்தாள். இது வயசு வாதம் இல்லை, உடம்பைக் காவல் காக்கிற செல்கள் ஆள் தெரியாமல் மூட்டுகளையே அடிக்கின்றன, அதனால்தான் வீக்கம் என்றாள். காவல்காரனே வீட்டுக்காரனை அடிப்பது எங்கள் பக்கம் புது விஷயம் இல்லை. எனக்குச் சட்டென்று விளங்கியது.

மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று வாரத்தில் ஒரே ஒரு நாள். எந்த நாள் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றக் கூடாது என்றதும் ஜஹீருன்னிசா வெள்ளிக்கிழமை என்றாள். வீட்டில் அதற்கு ஜும்மா மாத்திரை என்றே பெயராகிவிட்டது. இன்னொன்று தினம் காலையில் போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை. அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் திரும்பவும் ஒருமுறை சொன்னாள். மக்பூல் தலையாட்டினான். ஜஹீருன்னிசா அந்த நேரம் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீக்கம் இறங்கியது. இல்லையென்று சொல்ல மாட்டேன். மழைக்காலம் முடிகிறபோது மறுபடி ஊசி பிடித்தாள். ஆனால் மாத்திரையும் சும்மா வேலை செய்யவில்லை. வயிறு எரிந்தது. முடி சீப்போடு வந்தது. முகம் உப்பி வட்டமாகிவிட்டது. ஒரு நிக்காஹ் வீட்டில் பின்தெரு சைரா எல்லார் எதிரிலும் அவள் கன்னத்தைப் பார்த்து, இந்த வயசில் மறுபடியுமா, எத்தனாவது மாசம் என்று கேட்டாளாம். சைரா கெட்டவள் இல்லை. வாயில் வருவதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜஹீருன்னிசா சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். அன்று முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமே இல்லை.

உமைமா வேலூரில் ஆராய்ச்சிப் படிப்பு. காலை ரயிலுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். வந்ததும் பையை இறக்காமல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் உள்ளே போவாள். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் ஆவாரை. ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே செடி. அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மா கையைப் பார்த்துத்தான் அதை எடுத்தாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அதை வைத்து என்ன செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். கிழவனுக்குப் புரியாது என்று தட்டிவிடாமல் சொன்னாள்.

“எலியோட காவக்கார செல்லை எடுத்துத் தட்டுல வளர்க்குறோம் மாமா. கிருமியோட மேல்தோல் கொஞ்சம் காட்டினா, திருடன் வந்துட்டான்னு அது கத்தும். அந்தக் கத்தல் ஜாஸ்தியானாதான் வீக்கம். ஆவாரைப் பொருளைப் போட்டா கத்தல் கம்மியாவுது.”

“கத்தல் கம்மியானா திருடன் போய்ட்டான்னு அர்த்தமா?”

“இல்ல. அது எங்களுக்கும் தெரியல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னொண்ணு இருக்கு மாமா. செல்லு செத்துப்போனாலும் கத்தாது. அதனால உயிரோட இருக்குதான்னு ஒவ்வொரு வாட்டியும் பார்க்கணும்” என்றாள்.

“இருக்குதா?”

“நாங்க போட்ட அளவுக்கு இருக்குது. ஜாஸ்தி போட்டா இல்ல.”

தட்டில் வளர்கிற காவல்காரன். என்னமோ போ என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கூட்டத்தில் அவள் இதைப் பற்றிப் பேசினாள். எவனோ ஒரு நிருபர் பாதி கேட்டுவிட்டு, வாதத்தை விரட்டும் ஆவாரை, ஆம்பூர் மாணவி கண்டுபிடித்தார் என்று போட்டோவோடு போட்டுவிட்டான். மக்பூலின் தம்பி வக்கார் அகமது பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தனக்குத் தெரிந்த நம்பர் அத்தனைக்கும் அதை அனுப்பினான். ரிப்பேருக்கு வந்த போன்களிலிருந்தும் அனுப்பினான். உமைமா நிருபரைக் கூப்பிட்டுச் சண்டை பிடித்தாள். நல்ல செய்திதானேம்மா என்று சொல்லி அவன் வைத்துவிட்டானாம்.

மறுநாளிலிருந்து வாசலில் ஆள். முட்டி வீங்கினவர்கள், இடுப்பு பிடித்தவர்கள். முதலில் வந்து நின்றவள் சைராதான். தனக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்றாள். உமைமா வாசற்படியிலேயே நின்று, இது மருந்து இல்லை, இன்னும் செல்லில்தான் பார்த்திருக்கிறோம் என்று தன்மையாகச் சொன்னாள்.

“நாங்களும் செல்லுலதாம்மா பார்த்தோம்” என்று சைரா தன் போனை எடுத்துக் காட்டினாள்.

உமைமாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உள்ளே போய் அழுதாள். ஜஹீருன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனாவது மாசம் என்று கேட்ட வாய் இப்போது அவள் மகளிடம் பாட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. உப்பின முகம் உப்பினபடியே இருந்தாலும், அன்று அவள் அதை மறைத்துக்கொள்ளவில்லை.

அதன்பின் நடந்ததில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி மக்பூல் பிறகு சொன்னது. டேனரியிலிருந்து கொஞ்சம் ஆவாரம்பட்டை கொண்டு வாருங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். பொண்ணைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அவன் இழுத்திருக்கிறான். உமைமா பயப்படுகிறாள், பெரிய பெரிய டாக்டர்களுக்கு முன்னால் சின்னப் பெண், தன் மருந்தைத் தானே நம்பத் தைரியமில்லை, பெத்தவர்கள் நாம் நம்பாவிட்டால் யார் நம்புவார்கள் என்றாளாம். மூட்டைச் சாக்கில் ஒரு துண்டைக் கிழித்து, அதில் பட்டையின் செந்தூளைக் கட்டிக் கொண்டுவந்தான். தோல் பதமாகத் தொட்டியில் நாங்கள் போடுகிற அதே ஆவாரம். மகள் ரயிலுக்குப் போனதும் அதைக் கொதிக்கவைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டாள். மகள் அட்டையைப் பார்ப்பாள் என்று, அன்றன்றைக்குரியதைப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டாள்.

ஒருநாள் நான் வாசலில் இருக்கும்போது வந்து கையை நீட்டிக் காட்டினாள்.

“அண்ணே, பாருங்க. மடங்குது.”

மடக்கினாள், விரித்தாள். மாத்திரையால் வந்த குணம் என்று நான் நினைத்தேன். ஆவாரம் குடிப்பதை அவள் சொல்லவில்லை. மக்பூல் மட்டும் தெருக்குழாயடியில் என்னிடம் முணுமுணுத்தான். “அவளுக்கு வயிறு இறுகிப்போய்க் கெடக்குது கனகு. ஆவாரம் குடிக்கிறா. நான் அவளையும் பதம் போட்டுட்டேன் போல.” இரண்டு பேரும் சிரித்தோம். ஏதோ கஷாயம், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறாள் என்று விட்டேன்.

ஆடிக்காற்று ஒருநாள் மதியம் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் பறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை அடித்தால் கட்டையை எடுத்து வைப்பாள். அன்று நிற்கவே இல்லை. எழுந்து போனேன்.

அப்பர்களுக்கு நடுவில் சரிந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். பாதி தைத்த அப்பர் மடியில், ஊசி இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. விரல்கள் மறுபடி கத்திரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. உடம்பெல்லாம் சில்லென்ற வேர்வை. கண்ணைத் திறந்து, இருட்டாக இருக்கிறதே, மழை வருகிறதா என்று கேட்டாள். வெளியே கண் கூசுகிற வெயில்.

சைராவின் மகன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். சைரா வந்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைத்து, உடை மாற்றிவிட்டாள். வண்டியில் வந்தவன், இவங்க என்ன சாப்பிட்டாங்களோ எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க என்றான். மாத்திரை அட்டைகளை எடுத்தேன். அடுப்பு மேடையில் சாக்குத் துண்டில் கட்டியிருந்த தூளையும் எடுத்துக்கொண்டேன்.

வேலூர் போய்ச் சேர்ந்ததும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மக்பூல் டேனரியிலிருந்து அப்படியே வந்தான், முழங்கை வரை பட்டைக் கறை. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். உமைமா ஓடி வந்தாள். அன்றைக்கு இருந்த டாக்டர் அட்டைகளைப் பார்த்துவிட்டு அவளிடம்தான் கேட்டார், வெள்ளை மாத்திரையை நிறுத்தினார்களா என்று. இல்லை, அட்டை சரியாகக் காலியாகிக்கொண்டு வந்தது, நான் பார்த்தேன் என்றாள். மக்பூல் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“நிறுத்திட்டா. ரெண்டும்.”

“நிறுத்திட்டு?”

“உன் மருந்துதான் குடுத்தோம் பேட்டா.”

நான் எத்தனையோ செத்த வீட்டில் நின்றிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் போனது மாதிரி எங்கேயும் பார்த்ததில்லை. என் கையிலிருந்த மூட்டையை வாங்கினாள். பிரித்தாள். தூளை முகர்ந்தாள். அப்புறம் சாக்குத் துண்டைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்தைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

“அப்பா, இது ஆவாரமே இல்ல. வாட்டில். ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்ற வேற மரம்.”

“நாங்க ஆவாரம்னுதானே சொல்லுவோம்” என்றான் மக்பூல்.

அவன் பொய் சொல்லவில்லை. ஆவாரம் போட்டாச்சா என்று மேஸ்திரி கேட்பார், போட்டாச்சு என்போம். போடுவது மூட்டையில் வருகிற தூள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான். ஆவாரஞ்செடி போய்விட்டது, பேர் மட்டும் தொட்டியிலேயே ஊறிக்கிடந்தது. தோல் பதமானால் சரி, யார் சாக்கைப் படித்தார்கள்.

ஊசி மருந்து ஏறி, பாட்டிலில் தண்ணீர் ஏறி, பொழுது சாய்வதற்குள் ஜஹீருன்னிசாவுக்கு ரத்த அழுத்தம் நிலைக்கு வந்தது. இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும், திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் கவிழ்க்கும், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்களிடம் வந்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். முதலில் விரல் மடங்கியது எப்படி என்று நான் கேட்டேன். பழைய மாத்திரையின் பலன் உடம்பில் கொஞ்ச நாள் இருக்கும் என்றார். டாக்டர் சொன்னதில் நான் வாதாடாமல் விட்டது அது ஒன்றுதான்.

வக்காரும் வந்துவிட்டான். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம். ஜஹீருன்னிசாவுக்குப் பட்டை மாறிப்போன கதையை மக்பூல் சொன்னான். தன் தப்பைச் சொல்கிறவன் மாதிரித்தான் சொன்னான். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கண் பளிச்சென்று ஆனது.

“அப்போ உமைமா மருந்து மேல தப்பு இல்லையே” என்றாள். “நான் அதைக் குடிக்கவே இல்லையே.”

வக்கார் அதைப் பிடித்துக்கொண்டான். ஆலங்காயம் மலையடிவாரத்தில் தனக்கு ஆள் இருக்கிறது, அசல் ஆவாரை கொண்டுவருகிறேன் அண்ணி என்றான். உமைமா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றிருந்தாள். ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“வேற பட்டைன்னு படிச்சதும் எனக்கு உள்ள சந்தோஷமா இருந்துச்சு மாமா” என்றாள். “அம்மி உள்ள கெடக்குறாங்க. என் ஆவாரை இல்லன்னு எனக்குச் சந்தோஷம்.” அம்மி என்றால் அவர்கள் வீட்டில் அம்மா.

“அதுக்கு இன்னா?”

“அசல் ஆவாரையா இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மாத்திரையை நிறுத்தினதுதானே ஆபத்து. அதை இப்போ எப்படிச் சொல்றது? நான் மறுபடி பயப்படறேன்னு நெனப்பாங்க.”

பன்னைச் சாப்பிடு என்றேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை. மக்பூல் தொழுகை முடித்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சோறும் தால்ச்சாவும் சைரா வீட்டிலிருந்து வந்திருந்தது. உமைமா அன்று காலேஜுக்குப் போகவில்லை. வெள்ளை மாத்திரையைக் காலையில் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்திருந்தாள். அதைப் போடத்தான் வேண்டும் என்று ஜஹீருன்னிசாவும் ஒத்துக்கொண்டாள். விழுந்து கிடந்தவளுக்கு அந்தப் பயம் இருந்தது. பேச்சு ஜும்மா மாத்திரையில்தான் வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வக்கார் வண்டியில் மூட்டையோடு வந்தான். கூடத்தில் பேப்பரை விரித்துக் கொட்டினான். உரித்த, பச்சை மாறாத பட்டை, மஞ்சள் மஞ்சளாகப் பூ. ஒரு கட்டெறும்பு பூவை விட்டு இறங்கி, இது எந்த ஊர் என்று பார்த்தது. டேனரியில் அத்தனை வருஷம் இருந்த நானும் மக்பூலும் அசல் ஆவாரம்பட்டையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜஹீருன்னிசா தட்டை ஒதுக்கினாள். ஒரு கை அளவு பூவை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். மாத்திரையைத் தொடவில்லை.

“தொட்டித் தூளைக் குடிச்சது என் தப்பு. இது நெஜம். இதுக்கு இன்னா சொல்றே?”

“நெஜம்தான் அம்மி. ஆனா மருந்து இல்ல.”

“கத்தல் கம்மியாவுதுன்னு நீதானே கனகு அண்ணன்கிட்ட சொன்னே? சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுச்சு.”

உமைமா என்னைப் பார்த்தாள். நான் தால்ச்சாவைப் பார்த்தேன். அந்தச் சுவர் அப்படி. பாதியைத்தான் விடும், அதுவும் நல்ல பாதியை.

“தட்டுல அம்மி. எலியோட செல்லு, தட்டுல.”

“அந்த எலிக்குக் கை சரியாச்சா?”

“எலியே இல்ல அம்மி. எலிக்குள்ளேர்ந்து எடுத்த செல்லு மட்டும். அதுக்குக் கை கெடையாது, வயிறு கெடையாது, ரத்தம் கெடையாது. நீங்க குடிச்சா வயித்துல இன்னா ஆவும், ஈரலை இன்னா பண்ணும், மூட்டு வரைக்கும் போவுமா போவாதா, அதைக் கேட்டா சொல்லுமா? எனக்குத் தெரியாது அம்மி. பேப்பர்ல போட்டவனுக்குத் தெரியும். வக்கார் சாச்சாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

தன் சரக்கைத் தானே தெரியாது என்று சொல்லுகிற ஆளை நான் பஜாரில் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை. காற்று வந்து கதவு ஒருமுறை அடித்தது. மக்பூல் எழுந்து கட்டையைக் காலால் தள்ளி முட்டுக் கொடுக்கப் போனான்.

“அதை இங்க குடுங்க” என்றாள் ஜஹீருன்னிசா.

கட்டையை வாங்கிப் பூவின்மேல் மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கின விரலால் அதன் மூக்கிலிருந்து குதிகால் வரை தடவினாள். சாம்பிள் ரூமில் தடவிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் தடவுவார்கள், தோலில் சுருக்கம் இருக்கிறதா என்று. தடவிக்கொண்டே கேட்டாள்.

“இதுலதான் மாட்டிப் பார்த்தியா?”

உமைமாவுக்கு விளங்கவில்லை.

“கட்டையில மாட்டித்தான் பார்த்தியா, உன் ஷூவை?”

ஒருமுறை சாம்பிள் ரூமில் நடந்ததைச் சொன்னாள். வெளிநாட்டு மாடல் ஒன்று. கட்டையில் ஏறின அழகைப் பார்க்க மேஸ்திரி பக்கத்து டிபார்ட்மென்ட் ஆட்களையெல்லாம் கூப்பிட்டாராம். ஊற்றி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்ததாம். போட்டு நடந்து பார்க்கிறதற்கென்று ஒரு ஆள் உண்டு. அவன் போட்டுக்கொண்டு கதவிலிருந்து ஜன்னல் வரை போய் வந்தான். கழற்றினபோது வெள்ளைச் சாக்ஸில் குதிகால் பக்கம் ரத்தம். அத்தனை பேரும் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்றாள்.

“கட்டைக்கு வலிக்காது” என்றாள் கடைசியில்.

“ஆமா அம்மி.” உமைமா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கட்டையிலதான். கால்ல போட்டு இன்னும் யாரும் நடக்கல.”

“கட்டையில நல்லா இருந்தா கால்லயும் நல்லா இருக்கலாமே அண்ணி” என்று வக்கார் மெல்லச் சொன்னான்.

“இருக்கலாம். கடிக்கவும் கடிக்கலாம். செல்லு ரிப்பேர் பண்றவனுக்கு அது எங்க தெரியும்.” மகள் பக்கம் திரும்பினாள். “கால்ல போட்டுப் பார்க்க எவ்ளோ நாளாவும்?”

“வருஷக்கணக்குல ஆவும். நான் முடிக்காமக்கூடப் போவேன். வேற யாராவது முடிப்பாங்க. இல்லன்னா ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு முடியும்.”

ஜஹீருன்னிசா கட்டையைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த பூவை ஒன்று விடாமல் பொறுக்கி மூட்டையில் போட்டாள். விரல் ஒத்துழைக்காததால் அதற்கு நேரம் பிடித்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை.

“இதை எடுத்துட்டுப் போய் உன் தட்டுல போடு” என்றாள். “நீ சொல்ற அந்த நாள் வர்ற வரைக்கும் நான் இருக்கணும்ல. அந்த மாத்திரையக் குடு.”

அட்டையிலிருந்து பிதுக்க அவளால் முடியவில்லை. உமைமா பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள். மஞ்சள் மாத்திரை, ஆவாரம்பூ நிறம்தான். தண்ணீர் குடித்து, முகம் சுளித்து, தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். தால்ச்சாவில் புளி ஜாஸ்தி என்றாள். மக்பூல் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான்.

சாயங்காலம் சைரா பாத்திரம் வாங்க வந்தாள். கூடத்து ஓரம் கிடந்த மூட்டையில் மஞ்சளைப் பார்த்துவிட்டாள். அவள் முட்டியும் நன்றாக இல்லை, படி ஏறும்போது சுவரைப் பிடித்துத்தான் ஏறினாள். அசல் வந்துவிட்டது போலிருக்கிறதே, இப்போதாவது எனக்கு ஒரு பாட்டில் உண்டா என்று கேட்டாள். உமைமா எழுந்திருக்கப் பார்த்தாள். ஜஹீருன்னிசா அவளைக் கையமர்த்தினாள்.

“இன்னும் கட்டையிலதான் இருக்குது சைரா. கால்ல போடற மாதிரி வந்தா மொத ஆளா உனக்குச் சொல்றேன்.”

சைரா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவளும் தைக்கிறவள்தான்.